ஆடியது போதும் தம்பி, ஆக்கக் கற்றுக்கொள்!

 

கேளம்பாக்கம் கூட்ரோட்டில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள். சிறுசேரி பக்கமிருந்து கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆண்களும் பெண்களுமாக இறங்கிப் போவார்கள். அவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுப்பவர் நம்மவர். பிரியாணி பொட்டலம் கட்டுபவர் நம்மவர். உடைந்துபோன செல்போன் கண்ணாடியை மாற்றிக் கொடுப்பவர் நம்மவர். அதே கடையின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் செல்போனில் சுட்டுத் தள்ளிக் கொண்டிருக்கிறானே பதினைந்து வயதுப் பையன், அவனும் நம்மவன்தான்!

பேருந்திலிருந்து இறங்கியவனும் பகல் முழுவதும் திரையைத்தான் பார்த்தான். கூடைமேல் இருப்பவனும் திரையைத்தான் பார்க்கிறான். அவனுக்குத் திரை கூலி கொடுக்கிறது. இவனிடமிருந்து திரை பறிக்கிறது. தூக்கத்தைப் பறிக்கிறது, சுப்ஹுத் தொழுகையைப் பறிக்கிறது, சில வீடுகளில் வாப்பாவின் பணத்தையும் பறிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? அவன் இயந்திரத்துக்குக் கட்டளை இடுகிறான். இவனோ இயந்திரம் ஆட்டியபடி ஆடுகிறான்.

இந்த இதழில் நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

மிம்பரில் பேசினால் போதுமா?

முதலில் நம் குற்றத்தை ஒப்புக் கொள்வோம். செல்போன் விளையாட்டைக் கண்டித்து ஜும்ஆவில் பேசிய ஆலிம்களில் நானும் ஒருவன். ஒருமுறை அல்ல, பலமுறை பேசியிருக்கிறேன். அப்படிப் பேசிவிட்டு இறங்கிய ஒரு நாள், பதினாறு வயது இருக்கும், ஒரு தம்பி வந்து ஸலாம் சொன்னான்.

"ஹஜ்ரத், விளையாடாதீங்கன்னு சொன்னீங்க. சரி. அப்ப நாங்க என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

நான் குர்ஆன் ஓது என்றேன், படி என்றேன், வாப்பாவுக்குக் கடையில் உதவியாக இரு என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று இஷாவுக்குப் பின் அதே கூடைமேல் அவனைப் பார்த்தேன். என் பதில் அவனைத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், சரக்குக்குக் கட்ட வைத்திருந்த பணம் கணக்கில் குறைவதைக் கண்டு விசாரித்தார். மகன் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, விளையாட்டில் 'டைமண்ட்' வாங்கியிருக்கிறான். துப்பாக்கிக்கு ஒரு வண்ணம், பொம்மைக்கு ஒரு சட்டை. "அடிக்கத்தான் கை ஓங்கினேன் ஹஜ்ரத். ஆனா அந்தப் போனை வாங்கிக் குடுத்ததே நான்தானே?" என்று அந்தத் தகப்பன் கேட்டபோது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அரசாங்கமும் தடுத்துப் பார்த்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டை மத்திய அரசு தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. என்ன நடந்தது? பையன்கள் அடுத்த விளையாட்டுக்கு மாறினார்கள். ஒரு கதவை அடைத்தால் ஓடுகிற தண்ணீர் நின்றுவிடுமா? அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்க வேண்டாமா?

சூது வேறு, விளையாட்டு வேறு

இங்கே மார்க்கத்தின் அளவுகோலைத் தெளிவாக வைத்துவிட வேண்டும். மதுவையும் சூதாட்டத்தையும் அல்லாஹ் திருமறையில் ஒருசேரத் தடுத்திருக்கிறான். (பார்க்க: 2:219, 5:90) தடுத்ததோடு நில்லாமல் காரணத்தையும் அடுத்த வசனத்திலேயே சொல்லிவிட்டான். அது மனிதர்களிடையே பகையை மூட்டுகிறது, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கிறது. எனவே பணம் வைத்து ஆடும் ரம்மி, பந்தயம், எதுவாயினும் அது ஹராம். அதிர்ஷ்டச் சக்கரம் சுழற்றிப் பொருள் எடுக்கும் பெட்டிகளும் அதே இனம்தான். அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையமே 2018இல் அறிவித்தது. முஸ்லிம் நாடு அல்ல, ஐரோப்பிய நாடு!

நம் தமிழகத்தில் 2022 அக்டோபரில் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவற்றின் மீதான தடையை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அவற்றை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதே சட்டம், பணம் புழங்காத பொழுதுபோக்கு விளையாட்டையும் கல்வி விளையாட்டையும் தனியே பிரித்து ஊக்குவிக்க இடம் வைத்திருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் இஸ்லாம் கிழித்த கோட்டுக்கு நாட்டுச் சட்டம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏனெனில் இஸ்லாம் விளையாட்டுக்கே எதிரி அல்ல. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பார்க்க வழிசெய்து கொடுத்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. சதுரங்கத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு இடம் கொடுத்தவர்களும் சும்மா கொடுக்கவில்லை. பந்தயப் பணம் இருக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது, நாவு கெடக் கூடாது என்று நிபந்தனை போட்டே கொடுத்தார்கள். உங்கள் மகன் கையில் இருக்கும் எந்த விளையாட்டையும் இந்த மூன்றில் உரசிப் பாருங்கள். பித்தளையா தங்கமா என்று தெரிந்துவிடும்.

விளையாட்டே பாடமான கதை

எண்பதுகளின் தொடக்கம். ஈரான், ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். தெஹ்ரானில் ஒரு தகப்பனார் தம் இரட்டைப் பிள்ளைகளுக்குக் கம்மடோர் என்ற சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. கூடவே புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். விளையாட வேண்டுமா, நீங்களே எழுதிக் கொள்ளுங்கள்! அந்தப் பிள்ளைகள்தாம் ஹாதி பர்தோவி, அலி பர்தோவி. பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய இவர்கள் 2013இல் 'கோட் டாட் ஆர்க்' என்ற இலவசக் கல்வி அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'ஒரு மணி நேரப் புரோகிராம்' என்ற இயக்கத்தை உலகமெங்கும் பள்ளிகளில் நடத்தினார்கள். பிள்ளைகள் ஏற்கனவே செல்போனில் ஆடிக் கொண்டிருந்த ஆங்கிரி பேர்ட்ஸ் பறவையையே எடுத்து, அதை ஒரு கட்டப் பாதையில் நிறுத்தினார்கள். விரலால் இழுத்து விட முடியாது. 'முன்னே போ', 'இடப்பக்கம் திரும்பு', 'இதை ஐந்து முறை செய்' என்று கட்டளைகளை அடுக்கினால்தான் பறவை நகரும். அடுக்கியது தவறானால் சுவரில் முட்டும். பிள்ளை எங்கே பிழை என்று தேடித் திருத்துவான். இதுதான் புரோகிராம் எழுதும் வேலை. கற்கிறோம் என்று தெரியாமலே கற்றுவிடுகிறான்!

இதற்கு மூத்த வழி ஒன்றும் உண்டு. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய தோழர்களும் 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்து அதைக் கோடு வரைய வைப்பது. அந்த வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும், தாவும், பேசும். பிள்ளையே தன் விளையாட்டைத் தயாரிக்கலாம்.

வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2019இல் வெளிவந்த நம் தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பாடத்தைப் புரட்டுங்கள். ஸ்கிராட்ச் அங்கே இருக்கிறது! தமிழிலேயே இருக்கிறது! கடைசிப் பாடம் என்பதால் தேர்வு அவசரத்தில் ஓடிப்போகிறது. நம் பிள்ளை பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, பூனையைப் பார்க்காமலே பள்ளியை விட்டு வெளியேறுகிறான்.

உளூவில் இருக்கிறது பாடம்

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் தலையில் ஏறாது பாய்" என்று சொல்லும் சகோதரர்கள் கொஞ்சம் கேளுங்கள். புரோகிராம் என்பது மூன்றே சங்கதி. எதன்பின் எது என்ற வரிசை. எத்தனை முறை என்ற திருப்பம். இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்ற நிபந்தனை. உவமைக்காகச் சொல்கிறோம்: முகம், பிறகு கை, பிறகு தலை, பிறகு கால் என்று உளூவில் வரிசை இருக்கிறது. மும்மூன்று முறை கழுவும் திருப்பம் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் தயம்மும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஏழு வயதில் மக்தபில் இதைச் சரியாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ஏன் ஏறாது?

இன்னும் மேலே போவோம். மதரஸாவில் எங்களைத் திணறடித்த பாடம் ஃபராயிள், அதாவது வாரிசுரிமைக் கணக்கு. மனைவி இறந்தாள். பிள்ளை இல்லையா, கணவனுக்குப் பாதி. பிள்ளை உண்டா, நாலில் ஒன்று. கணவன் இறந்தான். பிள்ளை இல்லையா, மனைவிக்கு நாலில் ஒன்று. உண்டா, எட்டில் ஒன்று. இப்படி ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை. கம்ப்யூட்டர்காரர்கள் வரைந்து காட்டும் மரக்கிளைப் படம் அப்படியே இதில் இருக்கிறது.

இது நாம் இட்டுக்கட்டும் பெருமை அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரு நூலில்தான் அல்ஜீப்ரா என்ற பெயரே பிறந்தது. அந்த நூலின் பெரும் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? மரண சாசனமும் வாரிசுப் பங்கீடும்! சொத்தைச் சரியாகப் பிரிக்க வேண்டும் என்ற மார்க்கக் கடமை அவருடைய கணக்குக்கு வேலை கொடுத்தது. இந்தியாவிலிருந்து போன எண்களை வைத்துக் கணக்கிடும் முறையையும் அவர் எழுதினார். அவருடைய பெயரை லத்தீன்காரர்கள் உச்சரித்த விதத்தில்தான் 'அல்காரிதம்' என்ற சொல் வந்தது. சிறுசேரியில் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு நாளும் புழங்கும் சொல் அது. சொல்லைக் கொடுத்தவர் நம்மவர். அந்த மாடியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

பழம்பெருமை பேசி மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. பாட்டனார் கட்டிய வீட்டைக் காட்டிக் கொண்டு வாடகை வீட்டில் இருப்பவனைப் போல எத்தனை நாள் இருப்பது?

கணக்கைப் பாருங்கள்

2006இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர்கள் இருபத்தைந்து பேரில் ஒருவர்தான் முஸ்லிம். முதுகலையில் ஐம்பதில் ஒருவர். தமிழகத்தில் நாம் போராடி 2007இல் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு பெற்றோம். அல்ஹம்துலில்லாஹ். இடம் வந்துவிட்டது. அந்த இடத்தில் போய் உட்காரும் பிள்ளையை யார் தயார் செய்வது? பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பாஸ்போர்ட் வயது வந்ததும் வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, இடஒதுக்கீடு பயன் தரவில்லை என்று புலம்புவது நியாயமா?

கேளம்பாக்கத்திலிருந்து மேற்கே போகும் சாலையின் மறுமுனையில் வண்டலூர். அங்கே 1984இல் கீழக்கரை வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் கிரஸண்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஒரு வியாபாரியால் கல்லூரியே கட்ட முடிந்தது. நாம் கேட்பது கல்லூரி அல்ல. பள்ளிவாசல் மாடியில் ஓர் அறையும் ஐந்து கம்ப்யூட்டரும்தான்.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?"

வியாபாரிகள் இப்படிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பொய் சொல்லி ஆசை காட்ட மாட்டோம். 2025 ஜூலையில், சிறுசேரியில் மாபெரும் வளாகம் வைத்திருக்கும் டிசிஎஸ் நிறுவனமே தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது பன்னிரண்டாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் அதுவே புரோகிராம் எழுதித் தருகிறது. பிறகெதற்கு இந்தப் படிப்பு?

கால்குலேட்டர் வந்தபின் கணக்குத் தெரியாதவனைக் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? இயந்திரம் சொன்ன விடை சரியா தவறா என்று பார்க்க ஓர் அறிவு வேண்டும். என்ன வேண்டும் என்று இயந்திரத்திடம் தெளிவாகக் கேட்க ஓர் அறிவு வேண்டும். அந்த அறிவுதான் புரோகிராம் கற்பதில் கிடைக்கிறது. பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பது. பிழை வந்தால் ஆத்திரப்படாமல் எங்கே என்று தேடுவது. தோற்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. இந்தப் பழக்கம் கம்பெனி வேலைக்கும் உதவும், உங்கள் கடைக்கும் உதவும். பற்று வரவு நோட்டையும் சரக்கு இருப்பையும் ஸகாத் கணக்கையும் ஒரு புரோகிராமில் போடத் தெரிந்த மகன் கல்லாவில் உட்கார்ந்தால் அது நஷ்டமா?

ஒன்றை நினைவில் வையுங்கள். சுவீடன் நாட்டில் ஓர் இளைஞர் 2009இல் தனியாளாகத் தொடங்கிய விளையாட்டு மைன்கிராஃப்ட். கட்டைகளை அடுக்கிக் கட்டடம் கட்டும் விளையாட்டு. 2014இல் அதை நடத்திய கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நம் பையன்கள் விளையாட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள். அவர் விளையாட்டால் பணம் பெற்றவர். எல்லோரும் அப்படி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் விற்பவன் பக்கமும் ஒரு மேசை இருக்கிறது என்பதையாவது நம் பிள்ளை அறிய வேண்டாமா?

ஏமாந்து விடாதீர்கள்

இதிலும் வியாபார வலை விரித்தவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற நிறுவனம், புரோகிராம் கற்ற சிறுவனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் செய்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை, கற்பனை! 2020இல் விளம்பரத் தர மன்றம் அதன் விளம்பரங்கள் சிலவற்றை நிறுத்தச் சொன்னது. அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கிய பைஜூஸ், 2024இல் திவால் வழக்கில் வந்து நின்றது. எனவே கட்டணத்தைக் கேட்டு மயங்காதீர்கள். நாம் சொல்லும் ஸ்கிராட்சும் கோட் டாட் ஆர்க்கும் இலவசம்.

கற்றுத்தரும் விளையாட்டு என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லதும் அல்ல. ராப்ளாக்ஸ் என்ற தளத்தில் பிள்ளைகள் சொந்தமாக விளையாட்டு எழுதலாம், உண்மை. ஆனால் முகம் தெரியாதவர்கள் பிள்ளைகளோடு பேச்சுக் கொடுக்கும் ஆபத்தும் அங்கே உண்டு. சிறுவர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024 ஆகஸ்டில் துருக்கி அதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு கத்தரும் தடுத்தது. ஆகவே நம் வகுப்பில் மூன்று விதி கட்டாயம். பணம் கட்டும் எதுவும் கூடாது. அந்நியரோடு உரையாடல் கூடாது. பாங்கு சொன்னால் திரை அணைய வேண்டும்.

என்ன செய்யலாம்?

பேசிவிட்டுப் போவது நம் இயக்கத்தின் வழக்கமல்ல. இதோ வேலைத்திட்டம்.

முதல் மாதம் கம்ப்யூட்டரே வேண்டாம். பள்ளிவாசல் முற்றத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். ஒரு பையன் கண்ணைக் கட்டிக் கொண்டு 'ரோபோ' ஆகட்டும். மற்றவர்கள் ஒரு தாளில் கட்டளைகளை எழுதி வாசிக்கட்டும். இரண்டு கட்டம் முன்னே, வலப்பக்கம் திரும்பு, மறுபடி முன்னே. செருப்பு வைக்கும் அலமாரியில் போய் முட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, எந்த வரி தவறு என்று தேடுவார்கள். அங்கேயே பாடம் தொடங்கிவிட்டது.

இரண்டாம் மாதம் ஸ்கிராட்ச். அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. இணையம் இல்லாமலும் இயங்கும் வடிவம் உண்டு. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் வாங்கினார்களே, அவற்றில் எத்தனை இன்று பரணில் கிடக்கின்றன? இறக்குங்கள், தூசு தட்டுங்கள். ஓடுகிறவற்றுக்கு ஏற்ற பழைய வடிவங்களும் உண்டு. மூன்றாம் மாதம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விளையாட்டைத் தானே உருவாக்கட்டும். கோவளம் கடலில் அலைக்குத் தப்பிப் போகும் படகு, மழை வருவதற்குள் உப்பளத்தில் உப்பைச் சேர்க்கும் ஆள் என்று நம் ஊரையே விளையாட்டாக்கட்டும். நன்கு தேறியவர்கள் பைத்தான் மொழிக்குப் போய் ஸகாத் கணக்கும் வாரிசுக் கணக்கும் எழுதட்டும். தமிழிலேயே கட்டளை எழுத வேண்டுமா? முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கி 2013இல் வெளியிட்ட 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது.

யார் கற்றுத்தருவது? நம் மஹல்லாவில் பொறியியல் படிக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கேட்போம். நம்மில் ஆள் இல்லையென்றால்? பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்ற வரலாறு நமக்குத் தெரியாதா? எதிரியாக வந்தவரிடமே எழுத்தைக் கற்கச் சொன்ன மார்க்கம் இது. பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரரிடம் கற்பதற்கு என்ன தயக்கம்? விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் இளைஞர்கள் கூடி, கிராமத்து மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரை இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் அழைத்து வாருங்கள். வகுப்பு நம் இடத்தில் நடக்கட்டும். கதவு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். இரவு ஷிப்ட், தூரப் பயணம் என்று அஞ்சும் பெற்றோரே! வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தொழில்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது. பெண் ஆசிரியையை வைத்துத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஆண் பிள்ளைக்கு ஐந்து கம்ப்யூட்டர் என்றால் பெண் பிள்ளைக்கும் அதே ஐந்து.

வியாபாரப் பெருமக்களே! நிக்காஹ் மேடை அலங்காரத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஒரு கம்ப்யூட்டர் வரும். செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பழுது பார்க்கும் உங்கள் கைத்திறனை மாதம் ஒரு நாள் இந்த அறைக்குக் கொடுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் மகனை வேலைக்கு வைத்திருக்கும் தகப்பன்மாரே! ஞாயிறு இரண்டு மணி நேரம் அவனை விட்டுக் கொடுங்கள்.

அரசாங்கத்திடமும் நமக்குக் கேள்வி உண்டு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்பக் கூடம் அமைத்ததாகச் சொல்கிறீர்கள். நன்றி. அங்கே பிள்ளையின் கை கம்ப்யூட்டரில் படுகிறதா? பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடம் புத்தகத்தில் நடக்கிறதா, திரையில் நடக்கிறதா? கிளை நிர்வாகிகள் பெற்றோரோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் கலந்துகொண்டு இதைக் கேட்க வேண்டும். மனு எழுதுங்கள். விடாமல் பின்தொடருங்கள்.

கடைசியாக உனக்கு, தம்பி

கூடைமேல் உட்கார்ந்திருக்கும் தம்பி! உன் விரலின் வேகம் எனக்கு இல்லை. உன் கண்ணின் கூர்மை எனக்கு இல்லை. தோற்றால் எழுந்து மறுபடி ஆடுகிறாயே, அந்தப் பிடிவாதம் பல பெரியவர்களுக்கும் இல்லை. அல்லாஹ் உனக்குக் கொடுத்த இந்த அமானிதங்களை எவனோ எங்கோ உட்கார்ந்து காசாக்கிக் கொண்டிருக்கிறான். நீ எத்தனை மணிக்குச் சோர்வாய், எந்த இடத்தில் தோற்றால் பணம் கட்டுவாய் என்று அவன் முன்பே எழுதி வைத்துவிட்டான். அவன் எழுதியதை நீ ஆடுகிறாய்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. விளையாடாதே என்று சொல்ல மாட்டேன். நீ விளையாடும் அந்த விளையாட்டு எப்படி எழுதப்பட்டது என்று கேட்கிறேன். தெரியாது என்றால், வா. வரும் ஞாயிறு, மக்தப் முடிந்தவுடன் முற்றத்துக்கு வா. சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. முதல் நாள் கண்ணைக் கட்டிக் கொண்டு ரோபோவாக நிற்க நானே தயார். கட்டளையை நீ எழுது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! பயனற்றதிலிருந்து அவர்களைக் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.